பழைய கமராவில் ஷட்டர் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி: பிலிம் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

வன்னியில் பல வீடுகளில் ஒரு பழைய பிலிம் கமரா எங்காவது கிடக்கும். அலுமாரியின் மேல்தட்டில், றங்குப்பெட்டிக்குள், இல்லாவிட்டால் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியப்பா வீட்டில். இப்போது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இளம் ஆட்கள் அதைத் தூசு தட்டி எடுக்கிறார்கள், லீவரை இழுத்து அமத்திப் பார்க்கிறார்கள், "டிக்" என்று சத்தம் வருகிறது, உடனே ஒரு றோல் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். காசு அங்கேதான் வீணாகிறது. றோலின் விலை ஒரு பக்கம், அதைக் கழுவப் பெரும்பாலும் கொழும்புக்கு அனுப்பும் செலவு இன்னொரு பக்கம், அதற்குப் பிறகு வாரக் கணக்கில் காத்திருந்து கடைசியில் பாதிப் படம் கறுப்பு என்று தெரியவருவது பெரிய ஏமாற்றம். சத்தம் வருவதால் மட்டும் ஷட்டர், அதாவது திறந்து மூடிப் பிலிமில் வெளிச்சம் படும் நேரத்தை அளந்து விடும் உறுப்பு, வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.

ஷட்டரின் பெரும்பாலான வருத்தங்களை ஒரு அங்குல பிலிம்கூடச் செலவழிக்காமல் கண்டுபிடித்துவிடலாம். கண், காது, ஒரு போன், இரவில் ஒரு இருட்டறை, இவ்வளவும் போதும். இரண்டு கட்டுப்பாடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்குறூட்றைவரைத் தொடக்கூடாது, எண்ணெய்ப் போத்தலைத் தொடவே கூடாது. இந்தக் கட்டுரை முழுக்கப் பிழையைக் கண்டுபிடிப்பது பற்றியது. எது பிழை என்று தெரியாமல் திறக்கப்பட்ட கமரா திறந்தவரிடமே உதிரியாகக் கிடப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இங்கே பேசுவது பற்றரி இல்லாமல் ஓடும் கமராக்களைப் பற்றி. 1990களில் பொருளாதாரத் தடையில் பற்றரியும் வன்னிக்குள் வரமுடியாமல் இருந்தபோது, அடையாள அட்டைப் படத்துக்கும் கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் உதவியவை ஸ்பிரிங்கில் ஓடும் இந்தக் கமராக்கள்தான். வெளிச்சம் அளக்கும் மீற்றருக்குச் சிலதில் பற்றரி உண்டு, ஆனால் மீற்றர் செத்தாலும் ஷட்டர் ஓடும். யாஷிக்கா இலெக்ட்ரோ 35 போன்றவை பார்க்க இதே மாதிரி இருந்தாலும் அவற்றின் ஷட்டர் வேகத்தை மின்சாரம்தான் தீர்மானிக்கிறது. பற்றரி இல்லாமல் அமத்தினால் எந்த வெளிச்சத்திலும் ஒரே வேகம்தான் வரும். அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், முதலில் பற்றரி போட்டுப் பாருங்கள்.

முதல் வேலை: உள்ளே பிலிம் இருக்கிறதா?

பின்கதவைத் திறக்க எல்லோருக்கும் கை துருதுருக்கும். பொறுங்கள். 35 மில்லிமீற்றர் கமராவில் இடது பக்கம் பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ் ஒன்று இருக்கும். அதன் கைபிடியை விரித்து அம்பு காட்டும் பக்கமாக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சத்தில் இறுகி நின்றால் உள்ளே றோல் இருக்கிறது. சும்மா சுற்றிக்கொண்டே போனால் பெரும்பாலும் வெறுமை, ஆனால் உள்ளே அறுந்த பிலிமோ முழுக்கச் சுற்றி முடிந்த றோலோ இருக்கவும் இடமுண்டு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் படங்கள் அல்பத்தோடு போய்விட்டன. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009 இல் யுத்தம் முடியும்போது ஒரு படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட ஒரு கமராவுக்குள் பாதி எடுத்த றோல் ஒன்று இருந்தால், இப்போது இல்லாத ஒருவரின் முகம் அதில் இருக்கலாம். வெளிச்சத்தில் கதவைத் திறந்தால் அது ஒரு நொடியில் போய்விடும். ஆகவே றோல் இருக்கிறது என்று பட்டால், பெரும்பாலும் கமராவின் அடியில் உள்ள சின்னப் பொத்தானை அமத்திக்கொண்டு மெதுவாகத் திருப்பிச் சுற்றுங்கள். இறுக்கம் விட்டுக் குமிழ் இலேசாகச் சுற்றத் தொடங்கும்வரை சுற்றிவிட்டு, அதன் பிறகும் இருட்டிலேயே திறவுங்கள். சுற்றும்போது எங்காவது கெட்டியாகப் பிடித்தால் இழுக்காதீர்கள். அப்படியானால் நிலவில்லாத இரவில், ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில், தடித்த போர்வைக்குள் கையை விட்டுத் திறந்து, பிலிமைக் கையால் சுருட்டி, வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் போட்டு, மேலே கறுப்பு ரேப் சுற்றிவிடுங்கள். பழைய கலர் றோலைக் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவினாலும் உருவம் வரும், பல வருடம் கிடந்ததற்கு பெரும்பாலும் அந்த வழிதான் பாதுகாப்பு. கழுவுபவரிடம் றோலின் வயதைச் சொல்லிக் கொடுங்கள்.

உங்களிடம் இருப்பது எந்த ஷட்டர்?

றோல் இல்லை என்று உறுதியானதும் பின்கதவைத் திறந்து பாருங்கள். பிலிம் நிற்கும் செவ்வக வாசலில் கறுப்புத் துணி தெரிந்தால் அது துணித்திரை ஷட்டர், பென்ராக்ஸ் கே1000, ஸ்பொட்மற்றிக், சீனிட், சோர்க்கி எல்லாம் இந்த வகை. திரை இடம் வலமாக ஓடும். மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தெரிந்தால் உலோக ஷட்டர், அது மேலும் கீழுமாக ஓடும், யாஷிக்கா எஃப்எக்ஸ்-3, நிக்கொன் எஃப்எம், பிறக்டிக்கா எல் வரிசை எல்லாம் இப்படி. செவ்வக வாசலில் எதுவுமே இல்லாமல் நேரே லென்ஸின் பின்புறம் தெரிந்தால் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, பூவிதழ் மாதிரி மெல்லிய தகடுகள் நடுவில் திறந்து மூடும். இதைக் கீழே இதழ் ஷட்டர் என்றே சொல்கிறேன். மேலிருந்து குனிந்து பார்க்கும் யாஷிக்கா மற், ரொலிகோர்ட், சீனத்து சீகல் எல்லாம் இதழ் ஷட்டர். ஸ்டூடியோக்களில் கிடந்தவை அதிகம் இவைதான்.

துணியையும் தகட்டையும் விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. வாயால் ஊதவும் கூடாது, எச்சில் துளி உள்ளே போகும். ரப்பர் காற்றுப் பந்து இருந்தால் தூரத்தில் பிடித்து மெதுவாக அமத்துங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் செம்மண் தூசு கதவிடுக்கு வழியாக வந்து எல்லா இடத்திலும் படியும், அந்த நாளில் கமராவைத் திறந்து வைத்துக்கொண்டு முற்றத்தில் இருக்காதீர்கள், உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். வெள்ளைத் துணி என்றால் ஏதாவது ஸ்குறூவோ துண்டோ விழுந்தாலும் கண்ணில் படும்.

அமத்திப் பார்ப்பதற்கு முன் இன்னும் சில விஷயம். சுய நேரப்படுத்தும் சின்ன லீவரை, அதாவது நீங்கள் ஓடிப்போய்ப் படத்தில் நிற்பதற்காக வைத்ததை, பழைய கமராவில் தொடவே வேண்டாம். இதழ் ஷட்டர்களில் அது பாதியில் சிக்கி முழு ஷட்டரையும் பூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். சோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கமராக்களில் லீவரையோ குமிழையோ முழுக்கச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முதலே மாற்றினால் உள்ளே உடையலாம். சில இதழ் ஷட்டர் கமராக்களில் பிலிம் ஓடினால்தான் ஷட்டர் விறைக்கும் (அமத்தத் தயாராக ஸ்பிரிங் இறுகும்), வெறுமையாக லீவரை எத்தனை தடவை இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. அப்போது பின்கதவைத் திறந்து பிலிமின் ஓட்டைகளில் மாட்டும் பற்சில்லை விரலால் உருட்டிக்கொண்டு அமத்திப் பாருங்கள். லீவர் கல்லாக இறுகி நின்றால் பலம் பிடிக்காதீர்கள். ஏற்கெனவே விறைத்த நிலையில் இருக்கலாம், முதலில் ஷட்டர் பொத்தானை அமத்துங்கள்.

காதால் கேட்பது

இனி அமைதியான இடத்தில் இருந்துகொண்டு எல்லா வேகத்தையும் வரிசையாக அமத்திப் பாருங்கள். 1 வினாடி, 1/2, 1/4, 1/8, 1/15, 1/30, 1/60, 1/125, 1/250, 1/500, சிலதில் 1/1000. ஒவ்வொரு வேகத்திலும் ஐந்தாறு தடவை. பல வருடம் கிடந்த ஷட்டர் முதல் தடவைகளில் இழுபடும், பிறகு இளகும். அதனால் முதல் சத்தத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். வேக வட்டில் எல்லா இலக்கமும் இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம், சீனிட்-ஈ 1/30 இலிருந்துதான் தொடங்கும், அதற்குக் கீழ் இல்லாதது பழுதல்ல.

வேகங்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக் கேட்பதுதான் இந்த வேலையின் முக்கியமான இடம், ஏனென்றால் ஒவ்வொரு கூட்டத்தையும் ஷட்டருக்குள் வெவ்வேறு உறுப்பு நடத்துகிறது. எந்தக் கூட்டம் பிழைக்கிறதோ அந்த உறுப்பில்தான் வருத்தம்.

மெது வேகங்கள், 1 வினாடியிலிருந்து 1/8 அல்லது 1/15 வரை. இவற்றை நடத்துவது சின்னப் பற்சில்லுத் தொகுதி, மணிக்கூட்டுக்குள் இருப்பது போன்ற அதே வகை. ஷட்டர் திறந்தபின் மூடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. 1 வினாடியில் அமத்தினால் "ஸ்ஸ்ர்ர்ர்" என்று சீரான சத்தம் கேட்டு "டக்" என்று முடிய வேண்டும். நடுவில் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டால், அல்லது இரண்டு மூன்று வினாடி இழுத்தால், பழைய மசகு பசையாகிப் பற்சில்லுகளைப் பிடிக்கிறது என்று அர்த்தம். பழைய கமராக்களில் அதிகம் காணும் வருத்தம் இதுதான். திருத்தக்கூடியதும் கூட. சத்தமே இல்லாமல் 1 வினாடியும் 1/30 மாதிரி சட்டென்று முடிந்தால் தொகுதி மாட்டுப்படவில்லை அல்லது ஏதோ உடைந்திருக்கிறது, அது கொஞ்சம் பெரிய வேலை.

நடு வேகங்கள், 1/30, 1/60. துணித்திரை ஷட்டரில் இந்த இடத்தில் (சீனிட்-ஈ இல் 1/30 இல் மட்டும்) முழு வாசலும் ஒரே நேரம் திறந்து நிற்கும். இவை நன்றாக இருந்து மெது வேகம் மட்டும் பிழைத்தால் கமரா ஏறக்குறைய நல்ல நிலையில் இருக்கிறது.

வேக வேகங்கள், 1/125 இலிருந்து மேலே. இங்கே காது உதவாது, எல்லாமே "டப்" என்றுதான் கேட்கும். கண்ணுக்குத்தான் வேலை.

பி நிலையையும் மறக்காதீர்கள். பொத்தானை அமத்திப் பிடித்திருக்கும்வரை திறந்திருந்து, கையை எடுத்த உடனே மூட வேண்டும். எடுத்த பிறகு சோம்பலாக மூடினால், அல்லது கொஞ்சம் திறந்தே நின்றால், வாசலை மூடும் இரண்டாம் திரையின் ஸ்பிரிங் களைத்துவிட்டது அல்லது திரை சுற்றும் உருளையில் அழுக்கு இறுகியிருக்கிறது.

கண்ணாடி உள்ள கமராக்களில், அதாவது லென்ஸ் வழியாகவே பார்க்கும் வகையில், அமத்தியபின் கண்ணாடி மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ஷட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் கண்ணாடி முட்டும் இடத்தில் உள்ள பஞ்சுப் பட்டையைப் பாருங்கள். எங்கள் வெக்கைக்கும் மாரிக்கால ஈரத்துக்கும் அந்தப் பஞ்சு பாணி மாதிரி உருகி ஒட்டும். அது கண்ணாடியைப் பிடித்து வைக்கும், உலோகத் தகட்டில் சொட்டினால் தகடுகளையும் ஒட்டவைக்கும்.

கண்ணால் பார்ப்பது

பகலில் செய்ய வேண்டியது. லென்ஸைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, முழுக்கத் திறந்து விடுங்கள். பின்கதவைத் திறந்து, கமராவின் முன்பக்கத்தை வெளிச்சமான வானத்துக்கோ வெயில் பட்ட வெள்ளைச் சுவருக்கோ திருப்பி, கண்ணை ஓர் அடி பின்னால் வைத்துக்கொண்டு அமத்துங்கள். சூரியனை நேரே பார்க்கும்படி ஒருபோதும் பிடிக்க வேண்டாம். கண்ணும் போகும், துணித்திரையும் கருகும்.

1/60 இல் முழுச் செவ்வகமும் ஒரு கணம் வெளிச்சமாகத் தெரியும். 1/125, 1/250, 1/500, 1/1000 என்று ஏற ஏற மங்கலாகும், ஆனால் இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் பிழை பிடிபட்டுவிட்டது.

ஏன் அப்படி நடக்கிறது என்றால், வேக வேகங்களில் முதல் திரை ஓடத் தொடங்கிய உடனேயே இரண்டாம் திரையும் பின்னால் ஓடத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய இடைவெளிதான் பிலிமின்மேல் வெளிச்சத்தைத் தடவிக்கொண்டு போகிறது. குளக்கட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் இரண்டு சைக்கிள் மாதிரி, கட்டின் தொடக்கத்தில் இருந்த இடைவெளி முடிவிலும் அப்படியே இருக்க வேண்டும். முன்னால் போவது களைத்தால் பின்னால் வருவது எட்டிப் பிடித்துவிடும். திரைகளில் அப்படி எட்டிப் பிடித்தால் அந்த இடத்திலிருந்து வாசலின் மிச்சம் மூடுண்டுவிடும், படத்தின் ஒரு பக்கம் வெளிச்சமே படாமல் போகும். 1/1000 இல் இந்த இடைவெளி சில மில்லிமீற்றர்தான், அதனால் களைப்பு முதலில் அங்கேதான் தெரியும். 1/1000 இல் ஒன்றுமே தெரியாமல், 1/500 இல் பாதி தெரிந்து, 1/250 இல் சரியாக இருந்தால் அது இதே வருத்தத்தின் படிகள்.

இதழ் ஷட்டருக்குத் திரை இல்லாததால் இந்தப் பிழை வராது. அங்கே பார்க்க வேண்டியது வேறு. கமராவைச் சாய்த்து, இதழ்களில் வெளிச்சம் படும்படி பிடியுங்கள். காய்ந்த மங்கல் கறுப்பாக இருந்தால் நல்லது. பெற்றோல் சிந்திய தண்ணீரில் தெரிவது போன்ற நிறப் பளபளப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து இதழ்களுக்கு வந்துவிட்டது. எண்ணெய் பட்ட இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி மெதுவாகத் திறக்கும், சிலது அமத்திய பிறகு ஒரு மூச்சு விட்டுத்தான் திறக்கும், சிலது திறக்கவே மாட்டாது. காலையில் ஒட்டிக்கொண்டிருந்து நண்பகல் சூட்டில் சரியாக ஓடினால் அதுவும் இதே எண்ணெய்தான், அதை நம்பிப் பிலிம் போட வேண்டாம்.

இரவில் ஒரு சோதனை

துணித்திரை வைத்திருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில், போனின் ரோச் லைற்றை முன்பக்க வாயில் வைத்து மூடி, பின்கதவு வழியாகத் திரையைப் பாருங்கள். கண்ணாடி தடுத்தால் அதன் ஓரத்தை மெதுவாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பாருங்கள். சின்ன நட்சத்திரம் மாதிரி ஒளிப் பொட்டுகள் தெரிந்தால் அவை ஊசி ஓட்டைகள். லீவரை இழுத்து விறைத்த நிலையில் ஒரு தடவை, அமத்தி விட்ட நிலையில் ஒரு தடவை என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு நிலையிலும் வாசலை மூடுவது வேறு திரை. சோர்க்கி, ஃபெட் போன்றவற்றில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே கண்ணாடி இல்லை, லென்ஸ் மூடியில்லாமல் வெயிலைப் பார்த்து வைத்தால் லென்ஸே பூதக்கண்ணாடியாகித் துணியைச் சுட்டுவிடும். எங்கள் வெயிலுக்கு அதற்கு அதிக நேரம் தேவையில்லை.

ஒன்றிரண்டு பொட்டு என்றால், வளையக்கூடிய கறுப்புத் துணிப் பெயின்ற்றை மிக மெல்லிசாகத் தொட்டு அடைக்கலாம். நகப்பூச்சு பூசக்கூடாது, காய்ந்து வெடிக்கும், திரை உருளையில் சுற்றும்போது உரிந்து விழும். துணி முழுக்கச் சல்லடையாக இருந்தால் திரையையே மாற்ற வேண்டும்.

அளந்து பார்க்க வேண்டுமா?

கண்ணும் காதும் சந்தேகம் சொன்னால் அளக்கலாம். போனில் வினாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் நல்ல கருவி அது. பின்கதவைத் திறந்து, முன்னால் லைற்றை வைத்து, பின்னாலிருந்து வீடியோ எடுங்கள். கணினியில் விஎல்சி போன்ற வீடியோ பார்க்கும் மென்பொருள் ஒன்றில் பிரேம் பிரேமாக நகர்த்தி, வெளிச்சம் தெரியும் பிரேம்களை எண்ணுங்கள். 1 வினாடிக்கு 240, 1/2 க்கு 120, 1/4 க்கு 60, 1/8 க்கு 30, 1/15 க்கு 16, 1/30 க்கு 8, 1/60 க்கு 4. அதற்கு மேலே இந்த முறையை நம்ப முடியாது. சில போன்கள் 240 என்று சொல்லிவிட்டு நடுவில் பிரேம்களைத் தாமே உருவாக்கி நிரப்பும், ஆகவே முதலில் ஒரு ஸ்ரொப்வொச்சை எடுத்துப் பார்த்து உங்கள் போன் உண்மை சொல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சத்தத்தைப் பதிவு செய்து அலைவடிவத்தில் திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடைவெளி அளப்பதும் மெது வேகங்களுக்கு நன்றாக வேலை செய்யும்.

வேக வேகங்களுக்குப் பழைய குழாய் ரீவி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். எல்ஈடி ரீவி உதவாது. குழாய் ரீவி திரையில் படத்தைக் கோடு கோடாக மேலிருந்து கீழே எழுதுகிறது, எங்கள் நாட்டு முறையில் வினாடிக்கு 15,625 கோடு. கமராவை ரீவிக்கு நேரே பிடித்து, பின்னால் இருட்டில் இருந்து பார்த்து அமத்தினால் துணித்திரை ஷட்டரில் சரிவான ஒரு வெளிச்சப் பட்டை தெரியும். உலோக ஷட்டர் என்றால் கமராவைக் குத்தாகத் திருப்பிப் பிடியுங்கள். பட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அகலமாக இருந்தால் திரைகள் ஒற்றுமையாக ஓடுகின்றன. ஒரு பக்கம் ஒடுங்கினால் மேலே சொன்ன எட்டிப் பிடிக்கும் வருத்தம். இதழ் ஷட்டரில் சரிவு வராது, படுக்கையான பட்டை தெரியும், 1/500 க்கு ஏறக்குறைய 31 கோடும் 1/250 க்கு 62 கோடும் இருக்க வேண்டும்.

அளந்த பிறகு இலக்கத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். 1/500 என்று எழுதியது 1/350 இல் ஓடினால் அரை ஸ்ரொப்தான் வித்தியாசம் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்ரொப்), 1/1000 பெரும்பாலும் 1/700 பக்கம்தான் ஓடும். நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கும். பழைய கமராவில் எனக்கு முக்கியம் இலக்கம் சரியாக இருப்பதைவிட ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஓடுவதுதான். ஒரு தடவை 8 பிரேம், அடுத்த தடவை 14 பிரேம் என்று ஆடினால்தான் பிரச்சினை.

பிளாஷ் பாவிப்பவர்களுக்குச் சுருக்கமாக: வெள்ளைச் சுவரைப் பார்த்து, பின்கதவைத் திறந்து, பிளாஷோடு அமத்துங்கள். முழுச் செவ்வகமும் மின்ன வேண்டும். கே1000 இல் 1/60, சீனிட்-ஈ இல் 1/30, எஃப்எக்ஸ்-3 இல் 1/125, இவற்றுக்கு மேலே பாதிதான் தெரியும், அது இயல்பு. இதழ் ஷட்டரில் எல்லா வேகத்திலும் முழுக்கத் தெரியும், பிளாஷ் வயரை எக்ஸ் என்று குறித்த சொக்கெற்றில் போட்டிருந்தால்.

ஏற்கெனவே றோல் கழுவி வந்துவிட்டதா?

நெகட்டிவின் ஓரத்தில் அச்சடித்த எழுத்தும் இலக்கமும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஓர எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் கழுவியதில் பிழை, கமராவில் அல்ல. ஓர எழுத்து தெளிவாக இருந்து படங்கள் மட்டும் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தால், ஒன்று ஷட்டர் திறக்கவில்லை, அல்லது பிலிம் சில்லில் மாட்டாமல் ஓடவே இல்லை. இரண்டாவதுதான் புதியவர்களுக்கு அதிகம் நடப்பது. லீவரை இழுக்கும்போது இடப்பக்கக் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பார்த்தால் பிலிம் ஓடுவது தெரிந்துவிடும்.

வெயிலில் எடுத்தவற்றில் மட்டும் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் வேக வேகத்தில் திரை எட்டிப் பிடித்திருக்கிறது. ஒரு விளிம்பில் மட்டும் கறுத்த கோடு விழுந்தால் திரை முடிவில் முட்டித் துள்ளித் திரும்புகிறது. பிளாஷ் படங்களில் மட்டும் கூரான எல்லையோடு பாதி வெறுமை என்றால் வேகத்தைக் கூட வைத்துவிட்டீர்கள். அங்கங்கே கறுப்புப் பொட்டுகள் ஊசி ஓட்டை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அது சுற்றும் பகுதியின் பிழை, ஷட்டருக்குச் சம்பந்தமில்லை.

பிழை தெரிந்த பிறகு

எண்ணெய் விடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தையல் மெசின் எண்ணெய், தேங்காயெண்ணெய், துருக்கு அடிக்கும் ஸ்பிறே எதையும் விட வேண்டாம். ஷட்டர் இதழும் திரையும் காய்ந்தபடி ஓடும்படி செய்யப்பட்டவை. எண்ணெய் விட்ட அன்று நன்றாக ஓடும், பிறகு அது பரவித் தூசைப் பிடித்து முழுக்க ஒட்டிவிடும். மண்ணெண்ணெயும் அப்படித்தான், காய்ந்த பிறகும் பசை விட்டுவிடும். திருத்துபவர்கள் பாவிப்பது நப்தா, லைற்றருக்கு ஊற்றுவது. அதையும் நீங்களாக உள்ளே ஊற்ற வேண்டாம்.

கமராவின் அடித்தட்டைக் கழற்றினால் திரைகளின் ஸ்பிரிங்கை இறுக்கும் இரண்டு ஸ்குறூ தெரியும், சிலர் காணொளி பார்த்துவிட்டு அதைத் திருகுவார்கள். அளக்கும் கருவி இல்லாமல் திருகினால் ஒரு வேகம் சரியாகி மற்றவை கெடும். உருளையில் அழுக்கு இருக்கும்போது ஸ்பிரிங்கை இறுக்குவது வருத்தத்தை மறைப்பதுதான், கொஞ்ச நாளில் திரும்ப வரும்.

மெது வேகம் மட்டும் பிழை என்றால், பக்கத்து நகரத்தில் நம்பிக்கையான மணிக்கூடு திருத்துபவர் ஒருவர் இருந்தால் அவரிடம் கதைத்துப் பாருங்கள். அந்தப் பற்சில்லுத் தொகுதி அவருக்குப் பழக்கமான வேலை, இதழ் ஷட்டர் என்றால் இன்னும் இலகு. திரை இழுவிசை, திரை மாற்றுவது எல்லாம் கமரா திருத்தும் ஒருவருக்கே உரியது. எந்த வேகத்தில் என்ன நடக்கிறது என்று மேலே பார்த்ததை ஒரு தாளில் எழுதி கமராவோடு கொடுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் அவரும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

திருத்த வசதி இல்லையா, நல்ல வேகங்களை மட்டும் வைத்தே எடுக்கலாம். வன்னி வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வெளிச்ச உணர்திறன் இலக்கம்) 1/125, எஃப் 16 (லென்ஸில் உள்ள அப்பெர்ச்சர் இலக்கம்) போதும், ஐஎஸ்ஓ 200 க்கு 1/250, எஃப் 16. ஆகவே 1/500 உம் 1/1000 உம் செத்த கமரா பகலில் முழு வேலை செய்யும். மெது வேகம் செத்தது என்றால் இன்னும் கவலையில்லை, வெளியில் நின்று எடுப்பவருக்கு அது தேவையே வராது. பாவிக்கக்கூடாத வேகங்களை ஒரு சின்ன ரேப் துண்டில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யாரும் எடுத்தாலும் தெரியும்.

வைக்கும்போது ஷட்டரை விறைத்த நிலையில் விடாமல் அமத்திவிட்டு வையுங்கள். மாரிக்காலத்தில் தோல் உறைக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், மூடி இறுகிய பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா பொதியோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவுத்தூசு உள்ளே போகும். முல்லைத்தீவுக் கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றில் எடுத்துவிட்டு வந்தால் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது எடுத்து எல்லா வேகத்திலும் அமத்துங்கள்.

முதல் றோல்

எல்லாம் பார்த்து முடிந்ததா, இப்போது பிலிம் போடலாம். தொடக்கத்தில் ஒரு சில படங்களைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். முகில் இல்லாத முற்பகலில், வெளிச்சம் மாறாத ஒரே காட்சியை, வெள்ளைச் சுவரும் வானமும் உள்ள ஒன்றாக இருந்தால் நல்லது, ஐஎஸ்ஓ 100 பிலிமில் 1/125 எஃப் 16, 1/250 எஃப் 11, 1/500 எஃப் 8, 1/1000 எஃப் 5.6 என்று வரிசையாக எடுத்து, எந்தப் படம் எந்த வேகம் என்று தாளில் குறித்து வையுங்கள். நான்கிலும் பிலிமில் விழும் வெளிச்சம் ஒரே அளவு, ஆகவே நான்கு நெகட்டிவும் ஒரே கறுப்பாக வர வேண்டும். எது வெளிறியிருக்கிறதோ அந்த வேகம் எழுதியதைவிடக் கூட ஓடுகிறது, எது கூடக் கறுத்திருக்கிறதோ அது மெதுவாக ஓடுகிறது, எதில் ஒரு பக்கம் மட்டும் வெளிறியிருக்கிறதோ அதில் திரைகள் ஒற்றுமையில்லை.

கழுவக் கொடுக்கும்போது நெகட்டிவைத் திருப்பித் தரச் சொல்லிக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். சில இடங்களில் ஸ்கானை மட்டும் போனுக்கு அனுப்பிவிட்டு விட்டுவிடுவார்கள். ஸ்கான் மெசின் ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தானாகவே சமப்படுத்திவிடும், அதில் நான்கு படமும் ஒரே மாதிரித்தான் தெரியும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் ஷட்டரின் கதை விளங்கும்.